அமாவாசைக்கு மறுநாள் வந்த மஞ்சள் வைரங்கள்

முனிலட்சுமியின் கண்களைப் பற்றி ஜூஜுவாடியில் இரண்டு கட்சிகள் உண்டு. தெய்வம் கொடுத்த கண் என்பது ஒரு கட்சி. அவளோடு துணிக்கடைக்குப் போவதற்குப் பதில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாமே அவள் கணவன் மாதேஷ்தான். ஒரு ஜாக்கெட் துணிக்காக ஓசூரில் நான்கு கடை ஏறி, நான்கிலும் கடைக்காரரையே புடவையோடு தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்தி, "இது அரக்கு, இது மெரூன், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்ட மனைவி வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பத்தாவதோடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். காலை ஏழு மணிக்கு வெட்டிய சிவப்பையும் எட்டரைக்கு வெட்டிய சிவப்பையும் ஒரே வாளியில் கலந்து வைத்தாலும் இரண்டையும் பிரித்து எடுத்துவிடுவாள். முதலில் யாரும் நம்பவில்லை. பண்ணை மேலாளர் காம்பில் ரகசியமாக நூல் கட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மதியம் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாராம்.

பிறகு சிப்காட்டில் ஒரு நகைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வு சுமாராகத்தான் எழுதினாள். அடுத்து ஒரு பெட்டியைக் கொடுத்து, அதிலிருந்த வண்ண மூடிகளை நிறம் மாறும் வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இவள் அடுக்கி முடித்து, "அவ்ளோதானா சார்? இன்னொரு பெட்டி இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கே வேலை கொடுத்துவிட்டார்கள் என்பது மாதேஷின் கருத்து.

ஒன்பது வருடம் வெள்ளை வைரம் பார்த்தாள். வெள்ளை வைரத்தில் மஞ்சள் என்பது குற்றம். துளி மஞ்சள் தெரிந்தாலும் மதிப்பு இறங்கிவிடும். அந்தத் துளியைக் கண்டுபிடிக்கக் கல்லைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஆனால் அதே மஞ்சள் ஏறிக்கொண்டே போய் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் கதை தலைகீழ். அப்புறம் அது குற்றமில்லை, கிரீடம். அதற்குமேல் நிறம் ஒவ்வொரு படி அடர்த்தியாகும்போதும் மதிப்பும் எகிறும். அந்தக் கல்லைக் கவிழ்க்க மாட்டார்கள். நிமிர்த்தி வைத்து, முகத்தைப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள்.

"ஒன்பது வருஷமா முதுகையே பாத்துக்கினு இருந்தன் மாமா," என்று நிற மேசைக்கு மாற்றிய அன்று மாதேஷிடம் சொன்னாள். "இன்னைக்குத்தான் மூஞ்சியப் பாத்தன். என்னா மூஞ்சி தெரியுமா!"

அன்றைக்கு அவள் சோறு வடிக்கவில்லை. மாதேஷ்தான் வடித்தான்.

நிற மேசையில் மூன்றே நாற்காலிகள். ஒன்றில் ஊத்தங்கரைப் பெண் ப்ரீதா. இருபத்தைந்து வயது, ரத்தினக்கல் படிப்பில் டிப்ளமோ, கேட்காமலே ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிற பழக்கம். இன்னொன்றில் பர்கூர் ரேவதி. அவளுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மூன்றாவது நாற்காலி முனிலட்சுமிக்கு, மூன்று மாத சோதனையில். மூன்று மாதம் முடியும்போது அவள் பிரித்த கற்கள் தேறினால் நாற்காலி நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடி வெள்ளைக் கல், மறுபடி முதுகு. டிப்ளமோ இல்லாமல் அந்த மேசைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது என்பதை மேற்பார்வையாளர் விஜயகுமார் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், தினமும் போகும்போது அதை மேசைக்குள் தள்ளிவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு வருவாள்.

மஞ்சள் வைரத்தின் தரங்களுக்கு ஆங்கிலத்தில் நீளநீளமாகப் பெயர்கள் உண்டு. ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட். முனிலட்சுமி வந்த இரண்டாம் வாரமே அவற்றுக்கு வேறு பெயர் வைத்துவிட்டாள். வெளிறியது மோர், அடுத்தது ஜூஸ், அதற்கடுத்தது எலுமிச்சை சாதம், உச்சியில் இருப்பது சாமந்தி. ப்ரீதா முகம் சுளித்தாள். ஒரு மாதம் கழித்து அவளே, "அக்கா, இது ஜூஸா சாதமா?" என்று கேட்டபோது ரேவதி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

இந்தப் பைத்தியம் வீடு வரை வந்தது. பருப்புக்குத் தரம், பக்கத்து வீட்டுச் சுவருக்குத் தரம், மாதேஷ் தன் குட்டியானை மினி வேனில் ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு ஏற்றிப்போகும் சாமந்தி மூட்டைக்குத் தரம். ஒருநாள் அவன் வாயைத் திறந்து ஏதோ ஜோக்குக்குச் சிரித்தபோது முகத்தைப் பிடித்து ட்யூப்லைட் பக்கம் திருப்பினாள்.

"மாமா, உன் பல்லு ஃபேன்சி லைட்டு."

"அப்டின்னா நல்லதா கெட்டதா?"

"வைரத்துக்கு நல்லது."

மாதேஷ் அன்றிலிருந்து தேநீரை நிறுத்திவிட்டான்.

சோதனைக் காலத்தின் கடைசி வேலையாக ஒரு கழுத்து மாலை வந்தது. பெங்களூரில் ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம். நாற்பத்தொரு மஞ்சள் வைரங்கள். பிடரியில் வெளிறிய கல்லாக ஆரம்பித்து, பக்கவாட்டில் அடர்ந்துகொண்டே வந்து, நடுமார்பில் இருப்பதிலேயே அடர்ந்த கல்லில் முடிய வேண்டும். திங்கட்கிழமை காலை கற்கள் மேசைக்கு வரும். மூன்று பேரும் தரம் பிரிக்க வேண்டும், முடிவு சொல்வது முனிலட்சுமி. மாலை மூன்று மணிக்குப் பெங்களூர் அலுவலகத்திலிருந்து சரசம்மா வந்து சரிபார்ப்பார்.

சரசம்மா என்ற பெயரைக் கேட்டாலே விஜயகுமார் பேனா மூடியைக் கடிப்பார். இருபத்திரண்டு வருட அனுபவம். ஒருமுறை ஒரு பரிசோதனைக் கூடம் அவர் சொன்ன தரத்தை ஒரு படி குறைத்துச் சான்றிதழ் கொடுத்ததாம். உங்கள் விளக்கு சரியில்லை என்று கடிதம் எழுதி, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் அந்தக் கூடத்தில் விளக்கையே மாற்ற வைத்துவிட்டாராம்.

"லேப் லைட்டையே மாத்துன அம்மா," என்றார் விஜயகுமார். "நம்மள எல்லாம் மாத்தறதுக்கு எவ்ளோ நேரமாகும்?"

அந்த வருடம் சனிக்கிழமை ஆடிப்பெருக்கு. அதற்கு மறுநாள் ஞாயிறு அமாவாசை. சனிக்கிழமை முனிலட்சுமி விடுப்புப் போட்டுவிட்டு, மாதேஷின் குட்டியானையில் கிருஷ்ணகிரி அணைக்குப் போய், ஆற்றங்கரையில் புதுக் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். பர்கூரில் ரேவதிக்குத் தாலி பிரித்துக் கோர்த்தார்கள், அவளுக்கு இது தலை ஆடி. நகைத் தொழிற்சாலைக்குள் தங்கம் போட்டுக்கொண்டு போக முடியாது. வாசலில் சோதனை இயந்திரம் கத்தும், பிறகு உள்ளே வந்த தங்கம் எது, உள்ளே இருந்த தங்கம் எது என்று பஞ்சாயத்து. அதனால் கல்யாணமான பெண்கள் தங்கத்தை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய வெறும் கயிற்றோடுதான் வேலைக்கு வருவார்கள். கயிறாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று தினமும் குளித்ததும் அதற்கு மஞ்சள் பூசுவார்கள். பெருக்குக்குக் கட்டிய புதுக் கயிறு என்றால் இரண்டு பங்கு பூசுவார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முனிலட்சுமி வெள்ளைக் கோட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, மேசை வெள்ளை. நிறம் எதுவும் கல்லுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. கதவருகே ஒரு பலகையில் தடைப் பட்டியல் இருந்தது. நகப்பூச்சு கூடாது, உதட்டுச்சாயம் கூடாது, மருதாணி கூடாது, கலர் துப்பட்டா வெளியே தெரியக் கூடாது. எழுதியவர் யாரோ வெளிநாட்டுக்காரர் என்று சொல்வார்கள். முனிலட்சுமி அந்தப் பட்டியலில் எதையும் மீறியதே இல்லை.

முதல் கல்லை எடுக்கும் முன் கோட்டின் மேல் பொத்தானைத் திறந்து, கயிற்றை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வது அவள் வழக்கம். யோசனை வந்தால் கயிற்றை இரண்டு விரலால் உருட்டுவதும் உண்டு. அன்றைக்கு யோசனை நிறைய இருந்தது. நிறைய உருட்டினாள். பிறகு புது வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் பள்ளம் வருகிற மாதிரி மடித்து, மடிப்பை விரலால் நன்றாக நீவி, அதில் கற்களை வரிசையாக வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிக் கற்கள் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியில் இருந்தன.

முதல் கல்லைப் பார்த்தாள்.

"ரேவதி, இது சாதம்டி!"

ரேவதி தன் தாளில் குனிந்திருந்தாள். "அக்கா, எனக்கும் எல்லாம் சாதமா வருதுக்கா. ரெண்டு சாமந்தி கூட இருக்கு!"

விற்றவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படி கம்மியாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கே தெரியாமல் பொக்கிஷத்தை அனுப்பிவிட்டார்கள்! கல்லுக்குக் கல் நிறம் ஏறிக்கொண்டே போனது. மோர் ஜூஸானது, ஜூஸ் சாதமானது, சாதம் சாமந்தியாகப் பூத்தது. கண் திறந்துவிட்டது, ஆத்தா கயிற்றில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்தாள். பதினொரு மணிக்குள் நாற்பத்தொரு கல்லுக்கும் தரம் எழுதிவிட்டார்கள். விஜயகுமார் வந்து பட்டியலைப் பார்த்தார். நடுக் கல் விவிட் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"நிஜமாவா முனிலட்சுமி? மேல சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க சார்! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது!"

அவர் போய்விட்டார். ப்ரீதா மட்டும் தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சரிபார்க்க அவளிடம் பத்துக் கற்களைக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. எனக்கு எல்லாமே ஒரு படி கம்மியா வருது."

"எதுக்குடி கம்மியா வருது?"

"தெரியல. நீங்க சாமந்தின்னு சொன்னது எனக்கு சாதம். சாதம்னு சொன்னது ஜூஸ்."

முனிலட்சுமிக்குச் சுருக்கென்றது. டிப்ளமோ இப்போதுதான் வாயைத் திறக்கிறது என்று நினைத்தாள். மூன்று மாதமாகக் காத்திருந்து, கடைசி நாளில் வழி மறிக்கிறாளா இந்தப் பெண்?

"ஒண்ணு குடு. என் தாளுல வெக்கறன்," என்று பிடுங்கி வைத்தாள். கல் சாமந்தியாக ஜொலித்தது. "பாரு!"

ப்ரீதா அதையே ட்வீசரில் தூக்கித் தன் தாளில் வைத்தாள். கல் சாதமாக இறங்கியது. "பாருங்க!"

மறுபடி இங்கே, சாமந்தி. மறுபடி அங்கே, சாதம். ரேவதி எழுந்து நின்று வேடிக்கை பார்த்தாள். இரண்டடி தூரத்தில் ஒரு கல் நிறம் மாறுகிறது! அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் பெட்ரோல் விலை மாறுகிற மாதிரி, முனிலட்சுமியின் இடத்தைத் தாண்டினால் வைரத்தின் தரம் மாறுகிறது. மூன்று பேரும் ஆறேழு முறை கல்லை இங்கும் அங்கும் கொண்டுபோய், கடைசியில் காரணம் தெரியாமலே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. விளக்கில்தான் கோளாறு என்று ரேவதி முடிவு செய்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.

முனிலட்சுமி அன்று தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும், மூடியின் வெள்ளை உட்புறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை அச்சடித்த மாதிரி மஞ்சளாகப் பதிந்திருப்பதைப் பார்த்தாள். காலையில் மூடும்போது பட்டது. தயிர்சாதத்தில் மஞ்சள் ஏது என்று ஒரு கணம் யோசித்தாள். தன் விரலைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ரேவதியின் கயிற்றைப் பார்த்தாள். அது சாதாரண மஞ்சளா, தலை ஆடி மஞ்சள்! ப்ரீதாவின் கழுத்தைப் பார்த்தாள். கல்யாணமும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் அவர்கள் வீட்டில் மஞ்சள் கயிறு கட்டும் வழக்கம் கிடையாது. வெறும் கழுத்து, சுத்தமான விரல்.

"ஐயோ," என்றாள் முனிலட்சுமி. கையிலிருந்த ஸ்பூன் தயிர்சாதத்துக்குள் விழுந்தது.

நிற மேசைக்கு ஓடினாள். விளக்கின் கீழ் தன் தாளையும் ப்ரீதாவின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். சேர்த்து வைத்தால், இவள் விரலால் நீவிய மடிப்பு முழுக்க மெல்லிய மஞ்சள். கல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, தாளின் மஞ்சளையும் சேர்த்துக் குடித்துவிட்டுத் தன் மஞ்சள் என்று காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தாங்கியில் இருந்த மாதிரிக் கற்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. கண் திறக்கவும் இல்லை, ஆத்தா இறங்கவும் இல்லை. நாற்பத்தொரு வைரங்களுக்கும் அவள் மஞ்சள் பூசியிருக்கிறாள், அவ்வளவுதான்.

தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. விளக்குக் கோளாறு என்று ரேவதியே சொல்லிவிட்டாள். மேலே விவிட் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னால் நாற்காலி போய்விடும். ஆனால் அந்த நடுக் கல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது நல்ல கல். தன் நிறத்தில் நிம்மதியாக இருந்த கல். அதைச் சாமந்தி என்று சொல்லி ஒரு கல்யாணப் பெண்ணின் மார்பில் தொங்கவிட்டால், வெயிலில் போய் நின்றதும் அது சாதம்தான் என்று தெரிந்துவிடும். துணிக்கடைக்காரரை வெயிலுக்கு இழுத்த பாவத்துக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

விஜயகுமார் கேண்டீனில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சாமந்தி இல்ல சார். மஞ்சள்."

"மஞ்சள்தானே? மஞ்சள் வைரம்தானே?"

"இல்ல சார், இது கயித்துல பூசற மஞ்சள்."

விளக்கிச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. விஜயகுமார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மேலே தொலைபேசியில் சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது என்பது அவர் முகத்தில் ஓடியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஒண்ணே கால். மூணு மணிக்கு அந்தம்மா வந்துருவாங்க. என்னம்மா பண்ணப் போறீங்க?"

"முதல்ல இருந்து பிரிக்கறம் சார்!"

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. முனிலட்சுமியும் ரேவதியும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். மஞ்சள் போவேனா என்றது. விரல் விரலாக வெள்ளை உறை மாட்டினார்கள். கோட்டுப் பொத்தானைத் தொண்டை வரை போட்டு, கயிறு எட்டிப் பார்க்காமல் ப்ரீதா இருவருக்கும் பின் குத்திவிட்டாள். புதுத் தாள்களை ப்ரீதாதான் மடித்தாள். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கள் மாதிரி இருவரும் கைகளைத் தூக்கியபடியே நடந்தார்கள். "அக்கா, மூக்கு அரிக்குது, சொறிஞ்சி விடுங்க," என்று ரேவதி கத்த, "என் கையும் அதே கைதாண்டி!" என்று முனிலட்சுமி கத்த, ப்ரீதா ஓடிவந்து மூக்கைச் சொறிந்துவிட்டாள். நாற்பத்தொரு கல்லும் ஒவ்வொன்றாக இறங்கின. சாமந்தி ஒன்றுகூட இல்லை. நடுக் கல் சாதம். ஆனால் பிடரியிலிருந்து மார்பு வரை நிறம் ஏறுகிற வரிசை முன்னைவிட அழகாக, ஒரு படியும் தட்டாமல் வந்தது. மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முனிலட்சுமி கடைசித் தரத்தை எழுதினாள்.

சரசம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது, குள்ளம், வெள்ளைக் கோட்டின் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார், சண்டைக்கு வந்தவர் மாதிரி. யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து மடித்து, ட்வீசரைக் கேட்டு வாங்கினார். முனிலட்சுமியின் நாற்காலி அது. அவள் பின்னால் நின்றாள்.

முதல் கல். சரசம்மா பட்டியலில் ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டாம் கல், இன்னொரு பெருக்கல்.

"ஏனம்மா இது? ஜூஸ் மாதிரி எழுதியிருக்கே?" என்றார். நிஜமாகவே ஜூஸ் என்றுதான் சொன்னார். எல்லா ஊரிலும் அதே பெயர்தான் போலிருக்கிறது. "இது இன்டென்ஸ். இதுவும் இன்டென்ஸ். எல்லாத்தையும் ஒந்து படி கம்மி போட்டிருக்கே. பயமா?"

மூன்றாவது பெருக்கல், நான்காவது, ஐந்தாவது. விஜயகுமாரின் பேனா மூடி வாய்க்குள் முழுசாகப் போய்விட்டது. பயம் வந்தால் முனிலட்சுமிக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். ஆறு, ஏடு, எனிமிதி என்று மனதுக்குள் பெருக்கல்களை எண்ணினாள். காலையில் அதிகமாகப் போட்டுத் தப்பு, மதியம் சரியாகப் போட்டும் தப்பு. நாற்காலி கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பதினொன்று. பன்னிரண்டாவது குறி போட அந்தக் கை நீண்டபோது அவள் அதைப் பார்த்தாள்.

சரசம்மாவின் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு. ஒன்பது முடிச்சு. நடுவில் ஒரு துண்டு மஞ்சள். நேற்று பீமன அமாவாசை. கன்னட வீடுகளில் கணவனுக்குப் பூஜை செய்து பெண்கள் கையில் கட்டிக்கொள்கிற கயிறு அது. ஜூஜுவாடியில் பாதித் தெரு நேற்று அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வரும்போது இதற்கும் ஒரு கை மஞ்சள் பூசியிருக்கிறார். ட்வீசரைப் பிடிக்கிற கை, கல்லுக்கு நான்கு விரல் தூரம், தாளின் மேலேயே தேய்ந்து தேய்ந்து போகிறது.

சிரிப்பு முனிலட்சுமிக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. லேப் விளக்கையே மாற்றிய அம்மாவிடம், உங்கள் கயிறுதான் கோளாறு என்று யார் சொல்வது? நோன்புக் கயிற்றைக் கழற்று என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ரேவதி பார்த்துவிட்டாள். ப்ரீதாவும் பார்த்துவிட்டாள். இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின.

"மேடம், ஒந்து நிமிஷா," என்றாள் முனிலட்சுமி.

சரசம்மா நிமிர்வதற்குள் அவள் குனிந்து, சுருட்டியிருந்த வலது கோட்டுக் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்து இறக்கி, கயிறு மறைகிற மாதிரி பொத்தானையும் போட்டுவிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தாய் மாதிரி. பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்துவிட்டு, ப்ரீதா மடித்த தாளை வைத்து, அந்தப் பதினோரு கற்களையும் அதில் இறக்கினாள்.

"இப்ப பாருங்க, மேடம்."

விஜயகுமார் கண்ணை மூடிக்கொண்டார்.

சரசம்மா தன் கைப் பொத்தானைப் பார்த்தார். முனிலட்சுமியைப் பார்த்தார். அப்புறம்தான் கல்லைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கோட்டுக் கையை ஒரு விரற்கடை தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

"அய்யோ தேவரே," என்றார் மெதுவாக.

"காலைல நானும் இதே தப்பப் பண்ணிட்டன் மேடம்," என்றாள் முனிலட்சுமி. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கழுத்தில் குத்திய பின்னைக் கழற்றிக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். "சனிக்கிழம பெருக்குக்குக் கட்டுனது. நாப்பத்தொண்ணையும் ஒரு படி ஏத்தி எழுதிட்டன். அப்புறம்தான் புரிஞ்சிது. இல்லன்னா உங்க கையப் பாத்துருக்கவே மாட்டன்."

சரசம்மா விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து ப்ரீதா தண்ணீர் எடுக்க ஓடினாள். அழுகை இல்லை.

"வருஷா வருஷம்!" என்றார், மூச்சு வாங்க. "வருஷா வருஷம் இந்த அமாவாசை முடிஞ்ச வாரம் நான் அனுப்புற கல்லுதான் லேப்ல ஒந்து படி கம்மியா வரும். வேற மாசம் வராது! நான் லெட்டர் எழுதுவேன். உங்க லைட் சரியில்லைன்னு எழுதுவேன். ரெண்டு தடவ லைட் மாத்திட்டாங்கம்மா அவங்க! பாவம், ரெண்டு தடவ!"

அதற்குப் பிறகு அந்த வெள்ளை அறையில் ஐந்து நிமிடம் யாராலும் எதையும் தரம் பார்க்க முடியவில்லை. விஜயகுமார் சிரித்ததில் பேனா மூடி தெறித்து வைரங்களுக்கு நடுவில் விழுந்தது. அது நீலம். எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள்.

நாற்பத்தொரு கல்லையும் சரசம்மா முதலிலிருந்து பார்த்தார், இரண்டு கோட்டுக் கைகளையும் பொத்தான் போட்டுக்கொண்டு. முனிலட்சுமியின் பட்டியலில் ஒரு தரத்தையும் மாற்றவில்லை. பதினோரு பெருக்கல் குறிகளையும் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"உட்காரம்மா. உன் சேர்."

முனிலட்சுமி உட்கார்ந்தாள். தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. இந்த முறை எல்லோரும் பார்க்கும்போதே தட்டிக்கொடுத்தாள். கதவருகே இருந்த தடைப் பட்டியலில் மருதாணிக்குக் கீழே ப்ரீதா மார்க்கரால் ஒரு வரி சேர்த்தாள்: மஞ்சள் கயிறு வெளியே தெரியக் கூடாது. அந்த வெளிநாட்டுக்காரருக்கு அதைப் படித்துப் பார்த்தாலும் புரியாது.

சாயங்காலம் மாதேஷ் வாசலில் குட்டியானையோடு நின்றான். அவள் ஓடிவந்த விதத்திலேயே அவனுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி நின்றான். அவள் ஏறி உட்கார்ந்து, கதையை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒரே சமயத்தில் சொல்ல ஆரம்பித்தாள். ஜூஜுவாடி வரும் வரை நெரிசல். ஒரு லாரி கூட நகரவில்லை, கதை சொல்ல அவளுக்கு அந்த நேரமும் போதவில்லை. எல்லாம் கேட்டு முடித்த மாதேஷ் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியில் தன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டான்.

"அப்போ லட்சு, நீ இனிமே பெரிய ஆளு. சேர் எல்லாம் குடுத்துட்டாங்க. என் பல்லு இப்போ எந்தத் தரம்னு சொல்லு. ஒரு மாசமா டீ குடிக்கல."

முனிலட்சுமி அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். உற்றுப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போ மாமா. கையக் கழுவிட்டு வந்து சொல்றன்."